மணிமுத்தாற்றில் இங்கிலீஷ்காரிக்கு எள்ளும் தண்ணீரும்

நான் முதன்முதலாக மனதைப் பறிகொடுத்த ஆள் மகா முரடன். சிரிக்க மாட்டான். வந்தவர்களை உட்காரச் சொல்ல மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே காய்ச்சின பால் திரிந்துவிடும் என்று அம்மா சொல்லியிருப்பாள், பார்த்திருந்தால். நல்லவேளை, பார்க்க வழியில்லை. அவன் ஓர் ஆங்கில நாவலுக்குள் இருந்தான்.

விருத்தாசலத்தில் ஆங்கில இலக்கியம் படித்தபோது காலேஜ் லைப்ரரியில் கிடைத்த நாவல் அது. அட்டை போயிருந்தது. நடுவில் சில பக்கங்களைப் பூச்சி தின்றிருந்தது. பாடத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் கைடு வாங்கி ஒப்பேற்றிவிட்டு, பாடத்தில் இல்லாத இதை மட்டும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிக்கிற ஆண்களைக் கண்டாலே ஆகாது. சிரிக்கிறவனுக்கு உள்ளே ஆழம் இல்லை என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக நின்று கெக்கெக்கே என்று சிரிப்பதைப் பார்த்தால் அப்படி நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை.

பி.ஏ. முடித்து, பி.எட்.டுக்கு இடம் கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. "சும்மா கெடக்குற கைக்கு ஒரு வேலை" என்று அம்மா என்னைப் பக்கத்துத் தெருப் பெண்களோடு பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தாள். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு நீளக் கொட்டகை, பின்னால் ஒரு சூளை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைக்கு விலா ஓரம் ஒரு கோடு இருக்கும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடம். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. அங்கே எல்லோரும் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். அதில் மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு.

நான் சேர்ந்தது ஐப்பசி மாதம். கார்த்திகைக்கு அகல் விளக்கு போடுகிற நேரம். ஆனால் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செய்தது எதுவும் காயவில்லை. காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் பத்துப் பெண்களும் காயப்போட்ட பலகைகளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் எங்கள் வரிசையின் பெரியம்மா, "டீச்சரம்மா, காலேசுல என்னாதான் படிச்ச, ஒரு கதையாச்சும் சொல்லேன்" என்றாள். பெரியம்மா யாருக்கும் சொந்தப் பெரியம்மா இல்லை. குரல் பெரியது, அதனால் அந்தப் பட்டம்.

நான் என் முரடனைக் கூட்டிவந்து அந்தக் கொட்டகையில் நிறுத்தினேன்.

கடலுக்குள் ஒரு பாறை, பாறைமேல் ஒரு கறுத்த பங்களா. கடல் உள்வாங்குகிற நேரத்தில் மட்டும் கரைக்குப் போக ஒரு மண் வழி தெரியும். தண்ணீர் ஏறினால் வழி மூழ்கிவிடும். பங்களாக்காரன் கரையில் இருக்கிற ஒரு பாதிரியார் மகளை உயிருக்கு உயிராக விரும்பிக் கட்டிக்கொள்கிறான். கட்டிக்கொண்ட பிறகு அவள் யாரோடு பேசினாலும் அவனுக்குப் பொறுக்கவில்லை. பேசமாட்டான், சாப்பிடமாட்டான், ஜன்னல் பக்கம் நின்று கடலை முறைப்பான். ஒரு மாலை அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்புகிறாள். இருட்டினால் வழி தெரிவதற்காக ஜன்னலில் ஒரு விளக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்குக் கோபத்தில் அவன் விளக்கை ஏற்றவில்லை. அவள் வழி தப்பிக் கடலோடு போய்விடுகிறாள். கிடைத்த உடலை அவன் சர்ச் கல்லறைக்கு அனுப்பவில்லை. தன் ஜன்னலுக்குக் கீழேயே புதைக்கிறான். உன்னைக் கடவுளுக்கும் தரமாட்டேன், நீ என்னைவிட்டுப் போகக்கூடாது என்று மழை பெய்கிறபோதெல்லாம் விளக்கை ஏற்றிவைத்துக் கூப்பிடுகிறான். அவளும் தலைமயிர் சொட்டச் சொட்ட ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறாள்.

இதை நான் ஒரே நாளில் சொல்லவில்லை. தினம் டீ நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, டிவி சீரியல்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும் போல இழுத்துச் சொன்னேன். அவன் விளக்கை ஏற்றாத இடத்தை மூன்று நாள் இழுத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலெல்லாம் அகல் விளக்கு இருந்தது.

"பொண்டாட்டி வந்துகிட்டு இருக்கா, வெளக்க ஏத்தலையா அந்தப் பாவி?" என்று பெரியம்மா கத்தினாள். "மணவாளநல்லூரு முருகன் கோயில்ல அவன் மேல ஒரு பிராது கட்டணும்."

எங்கள் பக்கத்தில் அது உண்டு. அநியாயம் செய்தவன் பேரில் தாளில் குறை எழுதி, சாமிக்கு முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். முருகன் விசாரித்துத் தீர்ப்பு சொல்வான். பிராது கட்ட, ஆள் இருக்கிற ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். "இங்கிலீசு தேசம்னா ரொம்பக் கேப்பாங்களே" என்று ஒருத்தி கவலைப்பட்டாள். நான் சிரித்துக்கொண்டே, அது கதை பெரியம்மா என்றேன். "கதைன்னா அந்தப் பொண்ணு செத்தது இல்லைன்னு ஆயிடுமா?" என்று பெரியம்மா என்மேல் பாய்ந்தாள்.

நாலைந்து நாள் கழித்து, கரை ஒதுங்கின அவள் உடலின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுகிற இடம் வந்தது. அந்த இடம் எனக்கு மனப்பாடம். ஒரு வரி விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரும் இப்புடித்தான். அழுவாரு பாரு, அதுலதான் நான் ஏமாந்துபோவேன்."

அக்காவுக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் மஞ்சள் காமாலையில் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. தாயோடு ஓர் அறையில் குடியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். சிரிப்பு வந்தால் புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். சேறு பட்ட கை என்பதால் எப்போதும் அவள் கன்னத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும்.

எனக்கு வந்த பரபரப்பைச் சொல்லி மாளாது. என் முரடனைப் போன்ற ஒருவனோடு நிஜமாகவே குடும்பம் நடத்தியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பாஞ்சு பிழிந்துகொண்டிருக்கிறாள்! துருவித் துருவிக் கேட்டேன். அவர் பார்க்க நன்றாக இருப்பார் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனிக்கு எதிரே மழையில் குடையில்லாமல் இவளுக்காக நிற்பார். அப்போது மற்ற பெண்களுக்கெல்லாம் இவள்மேல் பொறாமை. எனக்கும் அதைக் கேட்டபோதே கொஞ்சம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, பால்காரனிடம் இவள் சிரித்துப் பேசினாள் என்று சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார்.

"சொவுத்துல ஒட்டுன சோறு காஞ்சிட்டா பேக்கவே முடியாது, தெரியுமா டீச்சரம்மா? கத்தி வச்சு சொரண்டணும். சுண்ணாம்பும் சேந்து வரும்."

என் நாவலில் அவன் வெள்ளித் தட்டை வீசுகிற ஓர் இடம் உண்டு. அதற்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். அதை யார் பொறுக்கினார்கள், யார் துடைத்தார்கள் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. புத்தகத்தில் இருக்கிறவன் எதை வீசினாலும் நம்மேல் ஒரு பருக்கை படாது. அந்த தைரியத்தில்தான் அவனை அவ்வளவு பிடிக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனாலும் பிடித்தது. மறுநாளும் கதையை விடாமல் சொன்னேன்.

அக்காவுக்கு வந்திருந்த இக்கட்டு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கம்பெனி சரக்கை ஏற்றிப்போகிற குட்டியானை வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். வேப்பூர்க்காரர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது இவருக்கு நாற்பது தொட்டுவிட்டது. வைக்கோலில் சுற்றின பொம்மைகளை ஒன்றுகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அதற்காக வண்டியை உருட்டுகிற வேகத்தைப் பார்த்து மற்ற டிரைவர்கள் "மாட்டு வண்டி" என்று கூப்பிடுவார்கள். அதற்கும் சிரிப்பார். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள். என் கணக்குப்படி ஆழம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அவர் அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். வழியில் மறித்து நிற்கவில்லை, யாரிடமும் தூது விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய், "நீங்கதான் கேட்டுச் சொல்லணும், அவங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இந்தப் பேச்ச வுட்டுடுறேங்க" என்றிருக்கிறார். பெரியம்மாவும் மறுநாள் கொட்டகையில் வைத்து அக்காவிடம் மெல்லச் சொல்லியிருக்கிறாள். சொல்லி வாயை மூடவில்லை, மேலே கயிற்றில் கட்டியிருந்த பலகை ஒரு பக்கம் அறுந்து, அடுக்கியிருந்த பொம்மைகள் எல்லாம் கீழே விழுந்து நொறுங்கின. கயிறு இற்றுப்போயிருந்தது என்று முதலாளி சொன்னார். அக்கா நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு புருஷன் சொன்னாராம். "நான் செத்தாலும் உன்ன வுடமாட்டேன். இன்னொருத்தனுக்குக் கழுத்த நீட்டுன, அங்க வந்து நிப்பேன்."

இதே வசனத்தை ஆங்கிலத்தில் படித்திருந்தால் நான் நோட்டில் எழுதி வைத்திருப்பேன். அக்கா சொல்லிக் கேட்டபோது ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். "அவரு சொன்னா செய்வாரு, டீச்சரம்மா" என்றாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும்." டிரைவருக்கு அவள் முடியாது என்று சொல்லவில்லை. தை பிறக்கட்டும், சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆசை இருந்தது. குட்டியானை ஹாரன் கேட்டால் அவள் கை தானாக வாய்க்குப் போகும். அடுத்த கணமே மேலே பலகைக் கயிற்றைப் பார்ப்பாள்.

டிரைவரும் கதை கேட்டார். சரக்கு ஏற்றக் காத்திருக்கிற நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு கதவு ஓரம் நின்று கேட்பார். இடையில் வெளியூர் லோடு வந்துவிட்டால் விட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். விளக்கு இடத்தை நான் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் அப்படித்தான் வந்து கேட்டார்.

"டீச்சரம்மா, நேத்து நான் சிதம்பரம் போயிட்டேன். அந்தாளு வெளக்க ஏத்துனானா இல்லியா?"

ஏற்றவில்லை, அவள் செத்துப்போய்விட்டாள் என்றேன். டிரைவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. வண்டிச் சாவியைத் திருகினார்.

"ஒரு வெளக்குதான? ஏத்தி வச்சிட்டு அப்பறம் சண்ட போட்டிருக்கலாமே" என்றார்.

நாவலைப் பற்றி யார் யாரோ எழுதினதைப் பிற்காலத்தில் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதவில்லை. அக்கா தலையைக் குனிந்து, ஏற்கெனவே துடைத்து முடித்த பொம்மையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை போய், மார்கழி போய், பொங்கலும் முடிந்தது. கதையில் அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பது நிற்கவில்லை. இன்னும் ஐந்தாறு அத்தியாயம் பாக்கி இருந்தது. எங்கள் கொட்டகையிலோ பொறுமை தீர்ந்துவிட்டது.

"எத்தினி நாளக்கி அந்தப் புள்ள மழையில நிக்கும்?" என்றாள் பெரியம்மா. "அதுக்கு ஒருத்தனும் எள்ளும் தண்ணியும் எறைக்கல. அதான் போவ முடியாம அலையுது. வர்ற அமாவாசைக்கு நாம குடுத்துடுவோம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரிக்கப் போனேன், சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் பொண்ணு வேதக்காரப் பொண்ணாச்சே, எப்படித் திதி கொடுப்பது என்று கேள்வி வந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு கிறிஸ்தவப் பெண், "அதுக்கென்னா, நான் எங்க கோயில்ல ஒரு பூசையும் வைக்கச் சொல்லிடுறேன்" என்றாள். ரெண்டு பக்கமும் செய்துவிட்டால் எந்தப் பக்கத்துக் கதவு திறந்தாலும் போய்விடும் என்று முடிவானது. "புண்ணியத்துல நம்ம ஊரு காசிக்கே வீசம் கூட" என்றாள் பெரியம்மா. "இங்கிலீசுக்காரிக்கு மட்டும் பத்தாமப் போயிடுமா?"

ஆனால் தர்ப்பணம் செய்ய ஓர் ஆண் வேண்டும். அதுவும் தகப்பன் இல்லாத ஆண் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் கொடுப்பதில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு ஓரமிருந்து டிரைவர் சொன்னார். "வருஷா வருஷம் தை அமாவாசைக்கு எங்க அப்பாவுக்குக் குடுக்க ஆத்துக்குத்தான போறேன். கூட அந்தப் பொண்ணயும் சேத்துக்கிறேங்க."

அமாவாசையன்று காலையில் மணிமுத்தாற்றங்கரை திருவிழாக் கடைத்தெருபோல் இருந்தது. வாழை இலை, எள், அகத்திக்கீரை விற்கிறவர்கள், வரிசையாக உட்கார்ந்த புரோகிதர்கள், ஈர வேட்டியோடு மனிதர்கள். அந்த வருடத்து மழைக்கு ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடியது. நாங்கள் பத்துப் பேரும் குளித்துத் தலைமுடிந்து, கம்பெனிக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டுப் படித்துறையில் நின்றோம். அக்காவும் வந்தாள். எல்லோருக்கும் பின்னால், மேல் படியில் நின்றாள்.

அப்பாவுக்குக் கொடுத்து முடித்ததும் டிரைவர், இன்னொருத்தர் இருக்காங்க சாமி என்றார். புரோகிதர் பேர் கேட்டார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த ஆங்கிலப் பேரை உரக்கச் சொன்னேன். புரோகிதர் ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"கோத்திரம்?"

"தெரியாதுங்க."

"சிவகோத்திரம்னு வச்சுக்கலாம். உமக்கு என்ன உறவு?"

டிரைவர் யோசித்தார். "தங்கச்சி முறைங்க. கடல்ல போயிடுச்சு. பாக்குறதுக்கு ஆளு இல்ல."

"யாருமில்லாதவாளுக்கும் கொடுக்க சாஸ்திரத்துல இடம் இருக்கு" என்று புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கினார். என் நாவல் நாயகியின் பேரை அவர் சம்ஸ்கிருதத்துக்கு நடுவே வைத்து உச்சரித்த அழகை எந்த ஆங்கிலப் பேராசிரியரிடமும் நான் கேட்டதில்லை. எள்ளும் தண்ணீரும் டிரைவர் கை வழியே வழிந்தது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஏனென்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நாங்கள் நகரப் பார்த்தோம். டிரைவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் சாமி" என்றார். அக்காவின் புருஷன் பேரைச் சொன்னார்.

அக்கா மேல் படியிலிருந்து இரண்டு படி இறங்கினாள். அவள் புருஷனுக்குக் கருமாதி செய்ததோடு சரி, அதற்குப் பிறகு சொந்தத் தம்பிகள்கூட ஒரு திதி கொடுத்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டிரைவர் அதை யாரிடமோ விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார். தன் வழியை மறிக்கிற ஆளுக்குத் தன் கையாலேயே தண்ணீர் கொடுக்க வந்திருக்கிறார்.

"இவர் என்ன உறவு?"

"அண்ணன் முறைங்க" என்றார் டிரைவர். இந்த முறை யோசிக்கவே இல்லை.

மந்திரம் முடிந்தது. பிண்டத்தை ஆற்றில் விட்டுவரச் சொன்னார் புரோகிதர். டிரைவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஓட்டத்தில் அதை விட்டார். விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகச் சரக்கை இறக்கிவிட்டு விடை சொல்லிப் பழகின வாய். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற அதே மரியாதையோடு சொன்னார்.

"போயிட்டு வாங்கண்ணே."

பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் "ஐயையோ" என்றோம். இழவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவன் கூட எங்கள் பக்கம் கிடையாது. செத்தவரைப் போய் வா என்று கூப்பிடுவதா? அதுவும் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டுச் செத்த ஆளை? பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூறுகெட்ட மனுசா, வான்னு ஏன்யா சொன்ன!" டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே இங்கும் அங்கும் பார்த்தார். சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று புரோகிதரைக் கேட்டார். புரோகிதர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சூளைச் சாம்பல் நிறத்தில் இருந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பலகைக் கயிறு அறுந்ததற்கே மூன்று மாதம் பயந்தவள். இதோடு இந்தப் பேச்சே முடிந்தது, பாவம் இந்த மனிதர் என்று நினைத்தேன்.

அக்கா படி இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகவில்லை, அப்படியே தண்ணீருக்குள் நடந்தாள். டிரைவரைத் தாண்டிப் போய் நின்றாள். பிண்டம் ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னாள்.

"வராத. போ."

முதலில் சின்னக் குரலில்தான் சொன்னாள். அவள் புருஷனை ஒருநாளும் வா போ என்று பேசினவள் இல்லை. பிறகு குரல் ஏறியது.

"போய்யா. இருந்தவரைக்கும் என்ன அழவச்ச. போனப்பறமும் பயப்பட வச்ச. உனக்கு ஒரு கொறையும் இல்லாம இந்த மனுசன் செஞ்சிட்டாரு. போதும். நல்லபடியா போய்ச் சேரு. இங்க வராத."

அவள் அழுதாள். கரையில் இருந்த யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அமாவாசைக் கரையில் அழுகை புதிதில்லை, மறுபடியும் அவரவர் இலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். டிரைவர் அவளைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, அவள் அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு மெதுவாக, "பாத்து வாங்க, அங்க பள்ளம் இருக்குது" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஆள் வேட்டி நனைந்து, நெற்றியில் எள் ஒட்டி, இன்னமும் தான் செய்த தப்புக்காக நாக்கைக் கடித்த முகத்தோடு நின்றிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போகவில்லை. முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள். அந்தப் பல்வரிசையை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். மேலே ஏறி வந்ததும் பெரியம்மாவிடம் சொன்னாள். "புளியமரத்துலேருந்து எறங்கிட்டேன் பெரியம்மா."

மாசி மகம் முடிந்து கல்யாணம் நடந்தது. பொம்மைக் கம்பெனியே குட்டியானையில் ஏறிப் போனது. அன்றும் மாட்டு வண்டி வேகம்தான். எனக்கு அடுத்த வருடம் பி.எட். கிடைத்தது, ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

சில வருடம் கழித்து, திருச்சி போகிற வழியில் வேப்பூரில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹைவேக்குப் பக்கத்தில் சின்ன வீடு, முன்னால் அக்கா ஒரு தோசைக் கடை போட்டிருந்தாள். நான் போனபோது இரண்டு பேருக்கும் பலத்த சண்டை. கேஸ் சிலிண்டருக்கு யார் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று. அக்கா குரலை நான் அவ்வளவு உயரத்தில் கேட்டதேயில்லை, பெரியம்மா தோற்றாள். டிரைவரும் சளைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அப்போது தினம் சாயங்காலம் போகிற கரண்ட்தான். டிரைவர் பேச்சை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, மாடத்திலிருந்த அகலை ஏற்றி அக்காவின் தோசைக்கல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, "இப்ப சொல்லு, நான் எப்ப மறந்தேன்?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் நான் மெனக்கெடவில்லை.

சாப்பிடும்போது ஞாபகம் வந்து கேட்டேன். "அக்கா, அந்தக் கதைய நான் முடிக்கவே இல்லியே. அமாவாசைக்கு அப்பறம் ஒருத்தரும் கேக்கவே இல்ல. அந்தாளு கடைசியில என்ன ஆனான்னு சொல்லட்டுமா?"

எனக்குச் சொல்ல ஆசைதான். அந்த முடிவு அவ்வளவு பிரமாதமாக இருக்கும். அவன் கடைசியில் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிற கடலுக்குள் நடந்து போவான். இன்றைக்கும் நான் கிளாசில் அதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கும்.

அக்கா கரண்டியால் கல்லைத் தட்டினாள்.

"அந்தப் பொண்ணு போய்ச் சேந்துட்டால்ல? அப்பறம் அவன் என்னா ஆனா நமக்கென்னா" என்றாள். "தட்ட நீட்டு, இன்னொரு தோச வைக்கிறேன்."